சீன மருந்துக்கடைக் குதிரைப் பல்: மூன்று விரல் குதிரையா, சும்மா குதிரையா?

கேள்வி · 4 மார்ச் 2023

சுங்கை சிப்புட் பழைய கடை வரிசையில் ஒரு சீன மருந்துக்கடை இருக்கிறது. அங்கே ஒரு கண்ணாடிப் புட்டி நிறைய ‘டிராகன் பல்’ வைத்திருக்கிறார்கள். என் மாமா அதைப் பார்த்துவிட்டு, "இது மூன்று விரல் குதிரையின் பல்லுடா, அந்தக் காலத்தில் நம்ம மலாயாக் காட்டில் திரிந்தது" என்கிறார். மாமா நாலு கிளாஸ் போட்டால் எதையும் சொல்வார். இதில் ஏதாவது உண்மை உண்டா?

4 மார்ச், இரவு

மாமா சொன்னதில் பாதி சரி. மலாயாக் காட்டில் திரிந்தது என்பது மட்டும் நாலாவது கிளாஸ்.

அந்தச் சரக்கு சீனாவிலிருந்து வருவது. எலும்பாக இருந்தால் லுங் கு, பல்லாக இருந்தால் லுங் சி. படபடப்புக்கும் தூக்கமின்மைக்கும் இடித்துக் காய்ச்சிக் கொடுப்பார்கள். வடசீனாவில் ஷான்ஸி பக்கம் சிவந்த களிமண் அடுக்குகள் உண்டு. அதில் புதைந்து கிடக்கும் பற்களில் மூன்று விரல் குதிரை, அதாவது ஹிப்பாரியன், ஏராளம். அதனாலேயே அந்த மண்ணுக்கு ஹிப்பாரியன் களிமண் என்று பேர். ஷான்ஸியில் பாவ்தே என்ற இடம் இதற்குப் பேர்போனது. அங்குள்ள அடுக்குகளுக்கு வயது சுமார் 7 முதல் 5 மில்லியன் ஆண்டு.

மருந்துக்கடைப் பல்லை வைத்து ஆராய்ச்சி செய்ததும் புதுசில்லை. 1899இல் ஹாபெரர் என்ற ஜெர்மானியர் சீனாவுக்குப் போனார். வெளிநாட்டுக்காரர்களுக்கு எதிரான பாக்ஸர் கலவரம் வந்து உள்நாட்டுக்குள் போக முடியவில்லை. மனுஷன் துறைமுக ஊர்களின் மருந்துக்கடைகளில் பல் பல்லாக வாங்கி மூட்டை கட்டி மியூனிக்குக்கு அனுப்பினார். அதை ஷ்லோசர் என்பவர் ஆராய்ந்து 1903இல் ஒரு தடித்த புத்தகமே போட்டார். அதிலும் ஹிப்பாரியன் உண்டு. 1935இல் ஹாங்காங் மருந்துக்கடை ஒன்றில் வாங்கிய பல்லில்தான் கோனிக்ஸ்வால்ட் என்ற ஆய்வாளர் ராட்சதக் குரங்கு ஜைகாண்டோபித்தெகஸைக் கண்டுபிடித்தார். ஆகவே புட்டியைக் கேவலமாக நினைக்க வேண்டாம்.

5 மார்ச்

உனக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தர் கேட்டிருக்கிறார். அப்பா ஈப்போவில் பந்தயக் குதிரைகளுக்கு சாய்ஸ், அதாவது குதிரைக்காரர், வேலை பார்த்தவர். நாங்கள் குடியிருந்தது தோட்டத்து லயம், அவர் வேலை செய்தது லாயம். ஒரு கால்தான் வித்தியாசம் என்பார் அப்பா. இரண்டிலும் விடிகாலை நாலு மணிக்கு மணி அடிக்கும்.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று நாம் சொல்கிறோம். அப்பா தானமே ஆனாலும் பார்ப்பார். குதிரையின் கீழ் முன்பற்களில் ஒரு குழி இருக்கும். நடுப்பல்லில் அது சுமார் ஆறு வயதில் மறையும், அதற்கடுத்ததில் ஏழு, ஓரப்பல்லில் எட்டு. மேலே ஓரப்பல்லில் பத்து வயதுக்கு ஒரு கோடு இறங்க ஆரம்பிக்கும். தரகன் சொல்கிற வயதை அவர் காதில் வாங்கியதே இல்லை.

லாயத்தில் செத்த ஒரு கிழட்டுக் குதிரையின் மேல்தாடை எங்கள் வீட்டுக் கோழிக்கூண்டு மேல் ரொம்ப நாள் கிடந்தது. அம்மா திட்டித் தீர்த்தார். இன்றைக்கு அது என் மேசையில். நான் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் உதவியாளனாக இருந்து ஓய்வு பெற்றவன், டாக்டர் பட்டம் எல்லாம் இல்லை. படித்தது பாதி, அந்தத் தாடை சொன்னது பாதி.

7 மார்ச்

கடைக்குப் போனேன். புட்டியில் முக்கால்வாசி உடைந்த துண்டு. முழுசாக ஒரு கடைவாய்ப் பல் கிடைத்தது, கட்டைவிரல் நீளம். கடை முதலாளி தவுக்கே நாக்கால் தொட்டுப் பார் என்றார். நல்ல லுங் கு நாக்கில் ஒட்டும். எலும்பில் இருந்த பசைப்பொருள் எல்லாம் மக்கிப்போய் நுண்ணிய துளைகள் மிஞ்சுவதால் எச்சிலை உறிஞ்சிக்கொள்ளும். வேர்ப்பக்கம் தொட்டேன், ஒட்டியது. பக்கத்தில் ஜின்செங் வாங்கிக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

பல்லின் மெல்லுகிற பரப்பைப் பார்த்தேன். தீவு இல்லை. ஆகவே மூன்று விரல் கிடையாது, சும்மா குதிரை. மாமாவுக்குச் சொல்லிவிடுங்கள்.

8 மார்ச்

"என்ன தீவு?"

நியாயமான கேள்வி, நேற்று அவசரத்தில் விட்டுவிட்டேன்.

குதிரைப் பல் நம் பல் மாதிரி மேலே மட்டும் எனாமல் தொப்பி போட்டது அல்ல. எனாமல் மடிந்து மடிந்து உள்ளே இறங்கியிருக்கும். இடையில் ஒரு பக்கம் டென்டின், மறுபக்கம் சிமென்ட். மூன்றும் வெவ்வேறு கடினம், வெவ்வேறு வேகத்தில் தேயும். எனாமல் மட்டும் வரப்பு மாதிரி நிற்கும். அம்மிக்கல்லைக் கொத்துகிறோமே, அதே வேலை. ஆனால் இங்கே தேயத் தேயத் தானே கொத்திக்கொள்ளும். ஆண்டுக்கு 2, 3 மில்லிமீட்டர் தேயும், அந்த அளவு ஈறிலிருந்து எழும்பி வரும். சரக்கு தீர்ந்தால் குதிரை பட்டினி.

மேல்தாடைப் பல்லின் தேய்ந்த முகத்தைப் பார்த்தால் எனாமல் கோடுகள் ஒரு கோலம் மாதிரி இருக்கும். நாக்குப் பக்கம் ஒரு மேடு, பேர் புரோட்டோகோன். இன்றைய குதிரையில் அது ஒரு கழுத்தால் பக்கத்து மேட்டோடு ஒட்டியிருக்கும், தீபகற்பம். ஹிப்பாரியனில் ஒட்டாது. தனியாக, சுற்றிலும் எனாமல் வளையத்தோடு சிமென்ட் நடுவில் நிற்கும். அதுதான் தீவு. பினாங்குக்குப் பாலம் போடுவதற்கு முன்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பல்லின் நடுவில் பிறை மாதிரி இரண்டு குழி தெரியும். இன்றைய குதிரையில் அந்தக் கரை ஓரளவு நேராகப் போகும். ஹிப்பாரியனில் பெரும்பாலும் புடவைக் கொசுவம் மாதிரி நெருக்க நெருக்க மடிப்பு. ஒரு தடவை பார்த்துவிட்டால் மறக்காது.

விரல் எலும்பு இல்லாமல் பல்லை மட்டும் வைத்து ‘மூன்று விரல்’ என்று எப்படிச் சொல்கிறாய் என்றும் ஒருத்தர் மடக்கியிருக்கிறார். மண்டையும் காலும் சேர்ந்தே கிடைத்த எலும்புக்கூடுகள் பல இருக்கின்றன. அவற்றில் இந்தத் தீவும் அந்த விரல்களும் கூடவே வந்திருக்கின்றன. கால் சிதறிப்போகும், பல் சிதறாது. அதனால் பல்தான் அடையாள அட்டை.

11 மார்ச்

7ஆம் தேதி எழுதியதைக் கிழித்துப் போடுங்கள்.

கடையில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி மேசையில் இருக்கும் தாடையோடு வைத்துப் பார்த்தேன். பல் ஒடுங்கி நீண்டிருக்கிறது. மேல்தாடைப் பல் கிட்டத்தட்ட சதுரம். நான் பார்த்தது கீழ்த்தாடைப் பல்! கீழ்ப்பல்லில் புரோட்டோகோனே கிடையாது. இல்லாத ஊருக்கு வழி தேடிவிட்டுத் தீவு இல்லை என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன்.

கீழ்ப்பல்லில் பார்க்க வேண்டியது நாக்குப் பக்கத்து இரட்டை முடிச்சு. இரண்டு வளையம் சேர்ந்து வில்முடிச்சு மாதிரி. அதன் வடிவத்தையும் நடுப்பள்ளத்தையும் வைத்துப் பிரிப்பார்கள். ஆனால் தேய்மானத்துக்குத் தேய்மானம் அது மாறும். கை பழகியவர்களே ஒற்றைக் கீழ்ப்பல்லை வைத்து வாயைத் திறக்க யோசிப்பார்கள். நான் நாக்கையே நீட்டிவிட்டேன்.

மாமாவிடம் இன்னும் எதுவும் சொல்ல வேண்டாம்.

12 மார்ச்

விரல் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எல்லோருக்கும் விரல்தான் பிடிக்கிறது.

ஹிப்பாரியன் மூன்று குளம்போடு தட்டுத் தட்டென்று நடந்ததாக நினைக்காதீர்கள். நடு விரல்தான் எடையைச் சுமந்தது. இரண்டு பக்கமும் சின்னதாக, குட்டிக் குளம்போடு இரண்டு விரல், தரைக்குக் கொஞ்சம் மேலே தொங்கும்.

இன்றைய குதிரையிலும் அவை முழுசாகப் போய்விடவில்லை. முன்னங்காலில் முட்டிக்குக் கீழே பெரிய எலும்பு, அதன் இரண்டு பக்கமும் பென்சில் மாதிரி மெலிந்து பாதியில் முடிகிற இரண்டு எலும்பு. விரல் போய் விரலைத் தாங்கிய எலும்பு மட்டும் மிஞ்சியிருக்கிறது. லாயத்தில் இதற்கு ஸ்பிளிண்ட் என்பார்கள். இளம் குதிரையைச் சீக்கிரமே வேகமாக ஓடவிட்டால் அந்தக் குச்சி எலும்புக்கும் பெரிய எலும்புக்கும் நடுவில் வீங்கிக் கட்டி விழும். அப்பா இரவெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார். பல மில்லியன் ஆண்டுக்கு முன் போன விரலுக்கு அப்பா நீர் ஊற்றினார் என்று எனக்குத் தெரிந்தபோது அவர் இல்லை.

சிலசமயம் விரலே திரும்பி முளைக்கும். ஜூலியஸ் சீசரின் குதிரைக்குக் குளம்பு விரல் விரலாகப் பிரிந்திருந்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். அமெரிக்காவில் மார்ஷ் என்பவர் கூடுதல் விரல் உள்ள குதிரைகளைப் பற்றி 1892இல் ஒரு கட்டுரையே எழுதினார்.

12 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ மூன்று விரல் குதிரை தேய்ந்து தேய்ந்து ஒரு விரல் குதிரை ஆனது, சரியா?"

இல்லை. பள்ளிக்கூடச் சுவரில் மாட்டியிருந்த படம் நம்மைக் கெடுத்தது. நானே அதைத் துடைத்து மாட்டியிருக்கிறேன். சின்னது, நடுத்தரம், பெரியது என்று வரிசையாக நிற்கும், பள்ளிக்கூட அசெம்பிளி மாதிரி. மூன்று விரலோடு இருந்த முன்னோர் உண்டு, ஆனால் ஹிப்பாரியன் அந்த முன்னோர் இல்லை. அது பங்காளி. இரண்டு கிளையும் வட அமெரிக்காவில் ஒரே அடியிலிருந்து பிரிந்தவை. ஹிப்பாரியன் சுமார் 11 மில்லியன் ஆண்டுக்கு முன் பெரிங் நிலப்பாலம் வழியாக ஆசியாவுக்குள் வந்து, ஐரோப்பா, ஆப்பிரிக்கா வரை பரவியது. இன்றைய குதிரையின் இனமான ஈக்வஸ் இந்தப் பக்கம் வந்தது ரொம்பப் பிந்தி, சுமார் இரண்டரை மில்லியன் ஆண்டுக்கு முன்தான். வந்து பார்த்தால் பங்காளி ஏற்கெனவே வீடு கட்டிக் குடியிருக்கிறான். கொஞ்ச காலம் இரண்டும் சேர்ந்தே மேய்ந்தன.

19 மார்ச்

மழை விட்ட மறுநாள். மச்சான் செம்பனை பார்க்கிற தோட்டத்தின் காட்டோர ஓடைக்குப் போனேன். வேலிப் பக்கம் தெனோக் வருவதாக அவன் சொல்லியிருந்தான். முன்பக்கம் கறுப்பு, முதுகிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய அந்தத் தாப்பிர்தான். இது குதிரைக்கு உறவுக்காரன், காண்டாமிருகத்துக்கும். மூன்றும் ஒரே வரிசை விலங்கு. தாப்பிருக்கு முன்காலில் நாலு விரல், பின்காலில் மூன்று. ஆதிக் குதிரை இயோஹிப்பஸுக்கு, அதாவது சுமார் 55 மில்லியன் ஆண்டுக்கு முன் காட்டில் தழை மேய்ந்த நாய் அளவுக் குதிரைக்கு, காலில் இதே கணக்குத்தான்.

சேற்றில் தடம் இருந்தது. பின்கால் மூன்று விரல், பூவன் பழச்சீப்பை அழுத்திய மாதிரி அகலமாக. முன்காலின் நாலாவது விரல் கெட்டித் தரையில் பதியவில்லை, சேறு ஆழமான இடத்தில் மட்டும் ஓரமாக ஒரு குத்து. பத்து நிமிடம் குனிந்தே நின்றேன். முதலாம் இடத்திலிருந்து நாலு எட்டு தள்ளிப் போனால் அதே கால், அந்த விரலைக் காணோம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், 12ஆம் தேதி நான் ‘தொங்கும்’ என்று எழுதியது பொம்மைக்குத் தொங்குகிற கைபோல ஆகிவிட்டது. தான்சானியாவில் லெய்ட்டோலி என்ற இடத்தில் 3.66 மில்லியன் ஆண்டுப் பழைய எரிமலைச் சாம்பலில் மனித முன்னோர் நடந்த தடம் இருக்கிறதே, அங்கேயே ஹிப்பாரியனின் தடமும் இருக்கிறது. ஒரு பெரியது, கூடவே குட்டி. அந்தத் தடங்களை அளந்து ரெண்டர்ஸ் என்பவர் 1984இல் அது என்ன நடை என்றே சொல்லிவிட்டார்: ஓட்டநடை. இன்றைக்கும் சில குதிரை ஜாதிகள் நடக்கிற நடை அது, மேலே உட்கார்ந்திருப்பவன் குலுங்க மாட்டான். கால் வழுக்கும் தரையில் பக்க விரல் ஊன்றிப் பிடித்திருக்கும் என்பது பலர் கருத்து. தாப்பிர் தடத்தைப் பார்த்த பிறகு நானும் அந்தக் கட்சி.

மச்சான் என்னைப் பார்த்து, "சேற்றைப் பார்க்கவா பெட்ரோல் போட்டு வந்தே?" என்றான். அட்டை கடித்தது தனிக் கதை.

20 மார்ச்

ஒரு திருத்தம். பூவன் இல்லை, பிசாங் மாஸ் சீப்பு. பூவன் அவ்வளவு குட்டை இல்லை என்று வீட்டில் சொல்கிறார்கள்.

26 மார்ச்

லாலாங் புல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தலைப்பே வைக்கலாம்.

செடிகள் காற்றிலிருந்து கரியை இழுக்க இரண்டு முக்கிய வழி வைத்திருக்கின்றன. கித்தா (ரப்பர்) மரம், செம்பனை, நெல் எல்லாம் ஒரு கட்சி, பேர் சி3. லாலாங், கரும்பு, மக்காச்சோளம் இன்னொரு கட்சி, சி4. சி4 செடியில் கனமான கரி, அதாவது கார்பன்-13, கொஞ்சம் கூடுதலாகச் சேரும். அதை மேய்கிற மிருகத்தின் எனாமலிலும் அந்தக் கணக்கு அப்படியே எழுதிவிடும். எலும்பு மண்ணோடு சேர்ந்து கணக்கு மாறிவிடலாம். எனாமல் கெட்டி, ரொம்ப மாறாது. பல்லில் சிறு துளை போட்டுக் கொஞ்சம் தூள் எடுத்தால் போதும், அது என்ன தின்றது என்று தெரியும்.

இமயமலை அடிவாரத்தில் சிவாலிக் குன்றுகள் உண்டு. 1830களில் கால்வாய் வெட்ட வந்த பொறியாளர் காட்லியும் தாவரவியல் தோட்டத்து மருத்துவர் பால்கனரும் அங்கே எலும்பு பொறுக்க ஆரம்பித்தார்கள். மூன்று விரல் குதிரை அங்கேயும் கொட்டிக் கிடந்தது. குஜராத்துக் கடலில் பிரம் தீவிலும் கிடைத்திருக்கிறது, அந்த ஊர் பேரிலேயே சிவால்ஹிப்பஸ் பெரிமென்ஸிஸ் என்று ஒன்று. பாகிஸ்தான் பக்கத்துச் சிவாலிக்கில் பழைய மண்ணில் உறைந்த சுண்ணாம்பை எடுத்து க்வேட், செர்லிங் முதலானோர் 1989இல் சொன்னார்கள்: சுமார் 7 மில்லியன் ஆண்டுக்கு முன் அந்த நிலம் சி3 காட்டிலிருந்து சி4 புல்வெளிக்கு மாறிவிட்டது. பிறகு பற்களைச் சோதித்தபோது அதே கதை. முதலில் வந்த ஹிப்பாரியன்கள் சி3 தின்றன, பின்னால் வந்தவை புல்லுக்கு மாறிவிட்டன.

தோட்டத்தில் காடு அழித்துச் சும்மா போட்டால் லாலாங்தான் முதலில் வரும். அதன் ஓரம் கையை அறுக்கும். புல்லுக்குள் மணல்போன்ற சிலிக்கா உண்டு, அதோடு தூசி வேறு. மாட்டுக்கு அறுக்கப் போன எல்லோருக்கும் தெரியும். இதைக் கடித்துத் தேய்ந்தால் ஈடுகொடுக்க உயரமான பல் வேண்டும்.

27 மார்ச்

நேற்றைய கடைசி வரி ரொம்ப வழுவழுப்பாகப் போய்விட்டது. சி4 புல் வந்ததால் பல் உயர்ந்தது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வட அமெரிக்காவில் மெரிச்சிப்பஸ் மாதிரிக் குதிரைகளுக்கு 15 மில்லியன் ஆண்டுக்கு முன்பே பல் உயர்ந்துவிட்டது, சி4 அங்கே பரவுவதற்கு வெகு முன்னால். அப்போது இருந்த சி3 புல்லும், தழையோடு வாய்க்குள் போன மண்ணும் தூசியும் தேய்த்திருக்க வேண்டும். தாப்பிரைப் பாருங்கள், ஈரக் காட்டில் இளந்தழை தின்கிறது, பல் குட்டையாகவே இருக்கிறது. அதற்கு இன்றுவரை அது போதும்.

2 ஏப்ரல்

மறுபடி கடை. தவுக்கேக்கு நான் இப்போது ‘பல்லு அங்கிள்’. புட்டியைக் காகிதத்தில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க விட்டார், மூட்டுவலிக்கு ஒரு தைலம் என் தலையில் கட்டிய பிறகு.

அடியில் ஒன்று. சதுரம். மேல்தாடைப் பல்தான், இந்தத் தடவை ஐந்து தரம் பார்த்தேன். ஓரம் பெயர்ந்திருக்கிறது, ஆனால் நாக்குப் பக்கம் இருக்கிறது. எச்சில் தொட்டுத் துடைத்தேன். சாம்பல் நிறச் சிமென்ட் நடுவில் முட்டை வடிவில் எனாமல் வளையம், எங்கேயும் ஒட்டாமல். நடுவில் பிறைக் குழியின் கரை கொசுவம் கொசுவமாக.

தீவு.

கையில் பணம் பத்தவில்லை. கீழ்ப்பல்லை மட்டும் வாங்கினேன், தவுக்கே அதை எனக்காக எடுத்து வைத்திருந்தார். மேல்பல்லைச் சனிக்கிழமை வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று அவர் மகனிடம் சொல்லிவைத்தேன். படம் எடுக்கலாம் என்றால் போனில் பேட்டரி செத்துவிட்டது. சிரிக்காதீர்கள்.

8 ஏப்ரல்

போய்விட்டது. வியாழக்கிழமை ஒரு கிழவிக்குத் தூக்கம் வரவில்லையாம், இருக்கிற லுங் சியில் முழுசாக இருந்ததை எடுத்து இடித்துக் கடையில் கொடுத்துவிட்டார்கள். நான் சொல்லிவைத்தது தவுக்கே மகனிடம், கடையில் அன்று இருந்தது மருமகள். இந்தப் பக்கம் யாரோ ஒருத்தர் ஒரு மூன்று விரல் குதிரையைக் காய்ச்சிக் குடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் போச்சு.

9 ஏப்ரல்

மாமாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘மூன்று விரல் குதிரை’ என்றது சரி, ஊர்தான் தப்பு என்று சொல்லுங்கள். ஆதாரம் கேட்டால் கிழவியைக் கேட்கச் சொல்லுங்கள்.

16 ஏப்ரல்

"லெங்கோங்கில் பேராக் மனிதன் கிடைக்கவில்லையா, அங்கே குதிரை ஏன் இருக்கக் கூடாது?"

பேராக் மனிதன் 1991இல் குனோங் ருந்து குகையில் எலும்புக்கூடாகக் கிடைத்தவன், சுமார் 10, 11 ஆயிரம் ஆண்டுப் பழையவன். நாம் பேசுவது மில்லியன். பத்துமலைக் குகைகளில் ஒராங் ஊத்தான் பல் கிடைத்திருக்கிறது. காவடி எடுத்து எத்தனை தடவை ஏறியிருப்போம், தலைக்கு மேல் குரங்குப் பல்! நம் பக்கத்துக் குகைப் பற்களில் பலவற்றுக்கு வேர் இருக்காது, முள்ளம்பன்றி கொறித்துவிடும். குதிரை திறந்த புல்வெளி மிருகம், இந்த ஈரக் காடு அதற்கு ஒத்துவராது. வடக்கே மியன்மாரில் ஐராவதி ஆற்றுப் படிவங்கள் வரை ஹிப்பாரியன் வந்திருக்கிறது.

17 ஏப்ரல்

2ஆம் தேதி பார்த்தது நிஜமாகத் தீவுதானா என்று ராத்திரி எழுந்து யோசித்தேன். சிமென்ட் படிந்து ஒட்டுகிற கழுத்தை மறைத்திருந்தால்? அழுக்கு படிந்திருந்தால்? எச்சில் தொட்டுத் துடைத்தது நினைவிருக்கிறது. கொசுவமும் இருந்தது, அது அழுக்கில் வராது. அப்பாவின் தாடையை எடுத்து விளக்கடியில் வைத்து அத்தனை பல்லையும் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் கழுத்து அழகாக ஒட்டியிருக்கிறது. நான் பார்த்ததில் அது இல்லை. என் கட்சியில் நிற்கிறேன்.

23 ஏப்ரல்

கீழ்ப்பல்லை விற்பாயா என்று தனியாகக் கேட்டவருக்கு: விற்க மாட்டேன். இரட்டை முடிச்சைப் படம் எடுத்து அடுத்த வாரம் போடுகிறேன், பேட்டரி முழுக்க ஏற்றி. பல் இப்போது அப்பாவின் தாடைக்குப் பக்கத்தில் மில்லோ டின்னுக்குள் இருக்கிறது. மூடியில் ‘மருந்து இல்லை, இடிக்காதே’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறேன், வீட்டிலும் மாமியாருக்குத் தூக்கம் வருவதில்லை.